பாலைப்பழம் பறிக்கும் முறை

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



மருத்துவர் ஒருவர் மேடைக்கு வந்தால் சலரோகம், இரத்த அழுத்தம் பற்றித்தான் பேசுவார் என்று எண்ணியிருப்பீர்கள். இன்று பாலைப்பழத்தைப் பற்றிப் பேசுவோம். சோளகக் காலத்தில் வன்னிக் காட்டிலிருந்து வரும் அந்தச் சின்ன மஞ்சட் பழத்தைச் சுண்டால் அளந்து வாங்கி, பால் உதட்டில் ஒட்ட ஒட்டத் தின்று வளர்ந்தவர்கள் நாம். வெளிநாட்டில் வாழும் தோழியரும் ஊருக்கு வந்தால் அதைத் தேடுகிறார்கள்.

பாலை, இலுப்பைக்கும் சப்போட்டாவுக்கும் உறவான மரம். வீரையோடு சேர்ந்து எமது வரண்ட வலயக் காடுகளுக்கு முதுகெலும்பாய் நிற்பது. ஆனி, ஆடியில் மற்ற உணவு அருகும்போது கரடிக்கும் குரங்குக்கும் பறவைகளுக்கும் அதுவே பந்தி. வில்பத்துவில் கரடிகள் பாலை மரத்தில் ஏறிப் பழம் தின்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். தின்ற கரடி விதையைத் தூரத்தே கொண்டுபோய் இடுகிறது. காடு இப்படித்தான் தன்னை நட்டுக்கொள்கிறது.

ஆனால் பாலை மிக மெதுவாக வளரும். அதன் வைரம் நீரில் தாழும் அளவு பாரமானது. அதனாலேயே வீட்டு வளைக்கும் தண்டவாளச் சிலிப்பருக்கும் தேடி வெட்டினார்கள். நாட்டின் செம்பட்டியலிலும் அதன் பெயர் ஏறிவிட்டது. இப்போது பழமும் அதற்கு வினையாகிறது. பாலை உயரமான மரம். ஒவ்வொரு பழமாகப் பறிப்பது கடினம். எனவே சிலர் கொப்புகளையே தறித்து விழுத்திப் பழத்தை உருவுகிறார்கள். சிலவேளை மரத்தையே சாய்க்கிறார்கள். பல பத்தாண்டுகள் வளர்ந்தது ஒரு காலைப்பொழுதில் போய்விடுகிறது.

இதில் மருத்துவப் பக்கமும் உண்டு. பழக்காலத்தில் மனிதரும் கரடியும் ஒரே மரத்தடிக்கு வருகிறார்கள். கரடி தாக்கினால் பெரும்பாலும் முகமும் தலையும்தான் சிதையும். கண் போகலாம், உயிரும் போகலாம். மரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்தால் ஒரு குடும்பத்தின் உழைப்பே நின்றுவிடும். பழம் விற்று அரிசி வாங்கும் அந்தக் குடும்பங்களைக் குற்றம் சொல்வது எமது நோக்கமல்ல. வாங்குபவர்கள் நாம்; எனவே எமக்கும் ஒரு பங்கு உண்டு.

மூன்று காரியங்கள் செய்யலாம். ஒன்று, வாங்கும்போது "எப்படிப் பறிச்சது?" என்று கேட்போம். கொப்போடு விற்பவரிடம் வாங்காமல், உதிர்ந்ததைப் பொறுக்கி வருபவருக்கு இரண்டு ரூபா கூடக் கொடுப்போம். இரண்டு, தின்ற விதையைக் குப்பையில் எறியாமல், புதிதாய் இருக்கும்போதே மண்ணில் ஊன்றுவோம். மூன்று, பாடசாலை வளவில் பாலைக் கன்றுகளை நட்டு, ஒவ்வொன்றையும் ஒரு வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைப்போம். முதல் சில கோடைகளில் தண்ணீர் ஊற்றவும் ஆடுமாடு தின்னாமல் வேலி கட்டவும் ஆள் வேண்டும். அந்தச் செலவைச் சங்கம் ஏற்கட்டும்.

அவை பழுக்கும்போது எம்மில் பலர் இருக்கமாட்டோம். ஆனாலும் நூறு ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கியவர்களும் எம்மைக் கண்டதில்லையே! சலரோகம் உள்ள அக்காமார் மட்டும் பழத்தை அளவோடு தின்னுங்கள்.