கைரேகையும் கைக்கூலியும்

(சங்கத்தின் பொன்விழா ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



 

தலைப்பில் கைக்கூலி என்ற சொல்லைப் பார்த்ததும், மாப்பிள்ளை வீட்டார் வாங்குகிற கைக்கூலியைப் பற்றி நான் பேசப்போகிறேன் என்று சிலர் பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம், அது இன்னொரு நாளைக்கு. இன்று பேச வந்தது மேசைக்கு அடியில் கை மாறுகிற கைக்கூலியைப் பற்றி.

நம் சங்கக் கட்டடத்தின் பின்னறையில் பல வருடங்களாக உட்கார்ந்து பாரம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். பிறப்புச் சான்றிதழ், அடையாளக் கார்டு, குடியுரிமை, வேலை பெர்மிட், எது வந்தாலும் என்னிடம்தான் வரும். பாரம் நிரப்ப வருகிறவர்கள் அதிகம் கேட்கிற கேள்வி, எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதல்ல. “நானா, நேர் வழியில போனா நடக்குமா, இல்ல ஆளைப் பிடிக்கணுமா?” இதுதான். முஸ்லிமும் கேட்கிறார், தோட்டத்து இந்து சகோதரரும் கேட்கிறார், பக்கத்துக் கடை சீனரும் கேட்கிறார். ஒரு நாட்டின் நிலைமையை அளக்க இந்தக் கேள்வி போதும்.

விரல் ரேகை நமக்குப் புதிதல்ல. 1948-இல் அவசரகாலம் பிரகடனமானபோது, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் படம் பிடித்து, பெருவிரலை மையில் ஒற்றி, அடையாளக் கார்டு எடுக்க வேண்டும் என்று ஆங்கிலேயர் அரசு சட்டம் போட்டது. கெடாத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய நம் தாத்தா, பாட்டிமார்களில் பெரும்பாலோர் முதன்முதலில் அரசாங்கத்துக்குத் தங்கள் விரலைக் கொடுத்தது அப்போதுதான். காட்டுக்குள் இருந்தவர்கள் அந்தக் கார்டைப் பிடுங்கிக் கிழித்தார்கள். கார்டு இல்லாதவனை வெளியே இருந்த சோல்ஜர் சந்தேகப்பட்டான். இரண்டு பக்கமும் பயம். ஆனாலும் அந்தக் கார்டுதான் அவர்கள் இந்த மண்ணில் இருந்ததற்குச் சாட்சியானது. அதைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்தவர் பிள்ளைகளுக்குப் பின்னாளில் வழி பிறந்தது. தொலைத்தவர், அல்லது சிவப்புக் கார்டோடு நின்றுவிட்டவர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயமாகி, தோட்டத்திலிருந்து பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இந்த மண்டபத்தில் இருக்கிற எத்தனை பேருடைய அத்தையோ பெரியப்பாவோ அதில் போனார்களோ!

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, வாழ்நாள் முழுவதும் பால் வெட்டிய ஒரு மூதாட்டியை ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். சிவப்புக் கார்டு புதுப்பிக்க வேண்டும். பெருவிரலைக் கண்ணாடித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். மிஷின் ஏற்கவில்லை. மறுபடி வைத்தார். ஏற்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. மிஷின் நம் விரலைப் படமாகப் பார்ப்பதில்லை. ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று புள்ளிகளைத்தான் குறித்து வைத்து ஒப்பிடுகிறது. நாற்பது ஐம்பது வருடம் உளியும் வாளியும் பிடித்து, பால் உறைய ஊற்றும் அமிலத்தில் நனைந்த விரலில் அந்தப் புள்ளிகள் தேய்ந்துபோகும். சிமெண்டு குழைத்த கை, நம் கடைகளில் விடியவிடிய மங்கு கழுவுகிற கை, எல்லாம் அப்படித்தான். வயது ஏற ஏறத் தோல் உலர்ந்தும் போகிறது.

கவுண்டரில் இருந்தது ஒரு மலாய்ப் பெண் பிள்ளை. சலித்துக்கொள்ளவில்லை. தன் கைப்பையிலிருந்து களிம்பை எடுத்து, அந்த அம்மாவின் விரலில் தானே தடவி, துடைத்து, ஐந்தாறு முறை முயன்றாள். அன்றைக்கு நடக்கவில்லை, இன்னொரு நாள் வரச் சொன்னாள். வெளியே வந்து படியில் செருப்பு மாட்டும்போது ஒருவர் பக்கத்தில் வந்தார். “ஐநூறு வெள்ளி கொடுங்க, விரலெல்லாம் வேண்டாம்” என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். உள்ளே விரலைக் கொடுத்தால் தெரியவில்லை என்கிறார்கள், வெளியே விரலே வேண்டாம் என்கிறார்கள். அந்த ஆளுக்கு உள்ளே உண்மையாகவே யாரும் இருந்தார்களோ, சும்மா ஏமாற்றினாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மா அவரை நம்பத் தயாராக இருந்தார். என் கவலை அதுதான்.

நாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. 1998-இல் உலகிலேயே முதன்முதலாகச் சிப் வைத்த கடப்பிதழை வெளியிட்டது மலேசியா. 2001-இல் மைகார்டு வந்தது, பெருவிரல் ரேகை அதன் சிப்புக்குள்ளேயே போனது. 2011 ஜூன் முதல் நாட்டுக்குள் வரும் வெளிநாட்டவரின் சுட்டுவிரல்களைப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். அதே வருடம் 6பி திட்டத்தில் சட்டப்படி இருந்தவரும் இல்லாதவருமாக இருபது லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுத் தொழிலாளர்கள் விரல் பதித்தார்கள். நம் கடைப் பையன்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் வரிசையில் நின்றது நினைவிருக்கும். அப்போது சொன்னார்கள்: கடப்பிதழைப் போலியாக அடிக்கலாம், விரலை அடிக்க முடியாது, இனிமேல் மோசடி ஒழிந்தது என்று.

2016-இல் என்ன வெளிவந்தது? குடிநுழைவுத் துறையின் மைஇம்ஸ் கணினி முறையை உள்ளே இருந்தவர்களே கெடுத்து வைத்திருந்தார்கள். கோலாலம்பூர் விமான நிலையத்தில் குறிப்பிட்ட நேரங்களில் கணினி மெதுவாகும், அல்லது நின்றுபோகும். அந்த இடைவெளியில் வரவேண்டியவர் வந்துவிடுவார். பல வருடங்களாக நடந்த காரியம். 15 அதிகாரிகள் வேலை நீக்கப்பட்டார்கள், இன்னும் பலர் இடைநீக்கமும் இடமாற்றமும் ஆனார்கள். பிறகு ஒழிந்ததா? 2020 நவம்பரில் ஊழல் தடுப்பு ஆணையம் மறுபடி குடிநுழைவு அதிகாரிகளைப் பிடித்தது. 2024 செப்டம்பரில் மறுபடி. “கவுண்டர் செட்டிங்” என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். எந்த வரிசையில் நிற்பது, எத்தனை மணிக்கு நிற்பது என்று பயணிக்குக் கைப்பேசியில் முன்கூட்டியே தகவல் போய்விடும். மிஷின் பொய் சொல்லவில்லை. மிஷினின் சுவிட்சை வைத்திருந்த கை விலைக்குப் போய்விட்டது.

அடையாளக் கார்டிலும் இதே கதைதான். சபாவில் வெளிநாட்டவர்களுக்கு அடையாளக் கார்டு கொடுக்கப்பட்ட விவகாரத்தை விசாரித்த அரச ஆணையத்தின் அறிக்கை 2014-இல் வந்தது. பணத்துக்காகக் கார்டு கைமாறியதை அது சொன்னது. இங்கே பிறந்து தேய்ந்த விரலோடு சிவப்புக் கார்டு வைத்திருக்கும் ஒருவர் அந்தச் செய்தியைப் படிக்கும்போது மனம் என்ன பாடுபடும்?

மேலே நடந்ததைப் பற்றி நான் விரிக்கத் தேவையில்லை. 1எம்டிபி என்ற சொல் நம் பேரப்பிள்ளைகளுக்கும் தெரியும். பிரதமரின் சொந்தக் கணக்கில் 260 கோடி வெள்ளி வந்தது என்று 2015-இல் செய்தி வந்தபோது, பாக்கெட்டில் காலணா இல்லாதவனுக்குக்கூட ஒரு துணிச்சல் வந்துவிட்டது. “பெரியவங்களே இப்படி, நான் ஐம்பது வெள்ளி காப்பிக் காசு கொடுத்தா என்ன?” என்று என் கடையிலேயே ஒருவர் கேட்டார். 2018 மே 9-இல் மக்கள் ஓட்டுப் போட்டு அரசாங்கத்தையே மாற்றினார்கள், நம் கெடாவிலும் மாறியது. 2022 ஆகஸ்டில் முன்னாள் பிரதமர் சிறைக்குப் போனார். நாட்டுக்குத் தெம்பு இருக்கிறது என்பதற்கு அது அடையாளம்தான். ஆனால் என் அறைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி மாறவில்லை.

எல்லைக்கு அருகில் இருக்கிற நமக்கு இது வெறும் பண விஷயம் அல்ல. புக்கிட் காயு ஹீத்தாம் வழியாக ஹாட்ஜாய்க்குப் போய்வருகிறவர்கள் நாம். அதற்கு மேற்கே, பெர்லிஸின் வாங் கெலியான் மலையில் 2015-இல் 28 முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. கடத்திக்கொண்டு வரப்பட்ட ரோஹிங்யா முஸ்லிம்களும் வங்காளதேசத்தவரும் அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். ஜனவரியிலேயே முகாம் கண்ணில் பட்டும், மே மாதக் கடைசியில்தான் ஊருக்குச் சொன்னார்கள். தடய நிபுணர்கள் பார்ப்பதற்கு முன்பே முகாமை இடித்தும் விட்டார்கள். பின்னர் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. நம் அதிகாரிகள் யாரும் அந்தக் கடத்தல் கும்பலில் சேர்ந்திருக்கவில்லை, ஆனால் எல்லை ரோந்தில் கடுமையான அலட்சியம் இருந்தது என்று அது சொன்னது. அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அதை வாசித்துக் காட்டியபோது நம் பள்ளிவாசல் திண்ணையில் ஒருவர்கூட நம்பவில்லை. அவநம்பிக்கை செய்கிற கேடு இது. அரசாங்கம் உண்மையைச் சொன்னாலும் கேட்க ஆள் இல்லாமல் போய்விடுகிறது.

இதுவரை மற்றவர்களைச் சொன்னேன். இப்போது என்னைச் சொல்கிறேன். என் மக்கள் முன்னிலையில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

6பி நேரத்தில் என் சாப்பாட்டுக் கடையில் இராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவன் வேலை செய்தான். பெர்மிட் எடுத்துத் தருவதாக ஓர் ஏஜண்டு வந்தார். வரிசை வேண்டாம், நாள் கணக்கு வேண்டாம், “உள்ளே ஆள் இருக்கு” என்றார். நேர் வழி எனக்குத் தெரியும், பாரம் நிரப்பத் தெரிந்தவன் நான். ஆனாலும் கடையில் ஆள் பற்றாக்குறை, அவசரம். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் கடப்பிதழில் ஸ்டிக்கர் ஒட்டி வந்தது. அந்தக் கடப்பிதழை வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். “பத்திரமா இருக்கட்டும்” என்று அவனிடம் சொன்னேன். பத்திரம் அவனுக்கா எனக்கா என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, கடைக்குச் சாமான் வாங்கப் போனவனைச் சோதனையில் பிடித்தார்கள். கையில் கடப்பிதழ் இல்லை. நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்டிக்கர் போலி என்று அங்கே ஒரே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஏஜண்டின் கைப்பேசி அதற்கு முன்பே அணைந்துவிட்டிருந்தது. தம்பி தடுப்பு முகாமுக்குப் போய், அங்கிருந்து ஊருக்கு அனுப்பப்பட்டான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் கேட்டது ஒன்றுதான்: “மாமா, நீங்க கொடுத்தா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.” போலி ஸ்டிக்கரை வாங்கியது என் பணம். கறுப்புப் பட்டியலில் ஏறியது அவன் விரல். அவன் பெயரை மாற்றிக்கொண்டாலும், புதுக் கடப்பிதழ் எடுத்தாலும், அந்த விரல் அவனைக் காட்டிக்கொடுக்கும். என் விரலை யாரும் எதுவும் கேட்கவில்லை.

லஞ்சம் வாங்குகிறவரோடு கொடுக்கிறவரையும் சேர்த்தே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று சிறு பிள்ளையில் மதரஸாவில் படித்தவர்கள் நாம். கொடுக்கிறவர் என்ற சொல் என் காதில் விழவே இல்லாமல் இத்தனை வருடம் கழிந்திருக்கிறது. அல்கியாமா அத்தியாயத்தில் மனிதனின் விரல் நுனிகளைக்கூடச் சீராக்க வல்லவன் என்று அல்லாஹ் தன்னைப் பற்றிச் சொல்கிறான். வெள்ளிக்கிழமை இரவுகளில் நாம் ஓதுகிற யாசீனில், வாய்கள் முத்திரையிடப்பட்டுக் கைகள் பேசும் ஒரு நாளைப் பற்றி வருகிறது. தேய்ந்த விரலும் அன்றைக்குப் பேசும். அந்தத் தம்பியின் விரல் என்னைப் பற்றி என்ன பேசும் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

“நாம் மட்டும் யோக்கியமாக இருந்தால் கடை நடக்குமா?” என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்வி. நேர் வழி நீளமானது, செலவும் உண்டு, கொள்கை அடிக்கடி மாறுகிறது. ஆள் எடுக்கலாம் என்பார்கள், ஆறு மாதத்தில் நிறுத்தி வைப்பார்கள். அதை மாற்றச் சொல்லிக் கேட்பது சங்கங்களின் வேலை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் தொழிலாளியின் கடப்பிதழைத் திருப்பிக் கொடுப்பதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் வேண்டாம். அடுத்தவர் கடப்பிதழை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படியே குற்றம். அவனுடைய அமானிதம் அவனிடமே இருக்கட்டும். ஓடிப்போய்விடுவான் என்றால், ஏன் ஓடுகிறான் என்று சம்பளக் கணக்கைப் பாருங்கள். நான் அந்த இழுப்பறையின் பூட்டை எடுத்து எவ்வளவோ நாளாகிறது. இதுவரை ஒருவன்தான் போனான், அவனும் சொல்லிவிட்டுத்தான் போனான்.

அந்த மூதாட்டியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். படியில் நின்ற ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். போவதற்கு முன் ஒரு வாரம் தினமும் இரவில் விரலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அதே பிள்ளைதான் கவுண்டரில் இருந்தாள். பெருவிரல் இல்லாவிட்டால் வேறு விரலைப் பார்ப்போம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். இடது கை விரல் ஒன்று ஏறியது. ஒரு காசு செலவில்லை, பஸ் கட்டணம் தவிர.

சங்கத்தின் பின்னறை ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பழைய கார்டு, தோட்டத்தில் கொடுத்த பழைய துண்டுச் சீட்டு இருந்தாலும் கொண்டு வாருங்கள், நகல் அல்ல, அசல். எந்த மதத்தவராக இருந்தாலும் வரலாம். தேநீர் உண்டு. காசு வாங்குவதில்லை. என்னோடு உட்கார்ந்து எழுத, கையெழுத்து நன்றாக இருக்கிற இரண்டு இளைஞர்கள் தேவை.

வஸ்ஸலாம்.