கமலாலயக் கரையில்

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம், கொரடாச்சேரி தாண்டி, இருபக்கமும் வயலாகவே வரும் சாலையில் போனால் திருவாரூர். தியாகராஜரையும் ஆழித்தேரையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் இன்றைக்குக் கோயிலுக்குள் போகவில்லை. மேலக் கோபுரத்துக்கு எதிரே, கமலாலயக் குளத்தங்கரையைச் சுற்றி வருவோம்.

ஐந்து வேலிக் குளம் என்பார்கள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 33 ஏக்கர். மாலையில் காற்று எழுந்துவிட்டால் படிக்கட்டில் அலை வந்து மோதும். நடுவே திட்டில் நாகநாதர் கோயில் இருக்கிறது; படகில்தான் போக வேண்டும். கரையில் மாற்றுரைத்த பிள்ளையார். சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்ட பொன்னை இந்தக் குளத்தில் எடுத்தபோது உரசிப் பார்த்துச் சொன்னவர் இவர்தான்.

ஆனால் இந்தக் கரைக்கு வந்தால் எனக்குத் தண்டியடிகள் நினைவுதான். பெரியபுராணத்தில் வருகிறாரே, அவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். குளம் தூர்ந்து சுருங்கிக் கிடப்பதை அறிந்து, நாமே தோண்டிவிடலாம் என்று இறங்கிவிட்டார். எப்படி? குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு, இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு. மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளி, கயிற்றைத் தடவிக்கொண்டே மேலேறிக் கொட்டுவார். அதே கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்குவார். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள், எத்தனை நடை! மண்ணில் இருக்கும் உயிர்கள் சாகுமே என்று தடுத்த சமணர்கள் கம்பையும் கயிற்றையும் பிடுங்கிப் போட்டார்கள். பிறகு அரசன் முன்னிலையில் அவர் இதே குளத்தில் முழுகி எழ, கண் தெரிந்தது என்கிறார் சேக்கிழார். அந்த அற்புதத்தைவிட அந்தக் கயிறுதான் எனக்குப் பெரிது. டெல்டாவில் தூர் வாராத குளமும் வாய்க்காலும் நெல்லுக்கு உதவாது. தூர் வாருவதைத் தொண்டாகவே செய்த ஒருவரை நாயன்மார் வரிசையில் வைத்திருக்கிறார்கள் என்றால், நம்மவர்கள் தண்ணீரின் அருமையை எவ்வளவு அறிந்திருக்கிறார்கள்!

அடடா, கதையிலேயே நேரம் போய்விட்டது. வடகரைக்கு இன்னும் வரவே இல்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தேருக்குப் பிறகு இங்கே தெப்பத் திருவிழா நடக்கும். பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் கல்யாணசுந்தரர் பார்வதியோடு வலம் வருவார். போவதாக இருந்தால் இருட்டுவதற்குள் படியில் இடம் பிடித்துவிடுங்கள். அப்புறம் நிற்கக்கூட இடம் கிடைக்காது.