கண்காணிக்கும் கருவியும் நமது உரிமையும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நகரங்களில் குற்றத்தைத் தடுக்கும் புதிய கருவிகளைப் பற்றிப் பேச வந்துள்ளோம். கல்விக் கழகத்தின் விழாவிலே காவல்துறையின் கருவிகளுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நம் தெருவிலும் நம் பிள்ளைகளின் முகத்திலும் படுகிற கருவியைப் பற்றி அறிந்துகொள்வதும் கல்வியே.

2015ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் நடுவண் அரசு சீர்மிகு நகரங்கள் திட்டத்தைத் தொடங்கியது. நாடெங்கும் 100 நகரங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் அவை 11. நமக்கு அண்மையிலுள்ள திருநெல்வேலியும் தூத்துக்குடியும் அவற்றுள் அடங்கும். 2019இல் மாநகராட்சியான நம் நாகர்கோவில் அடங்காது. 2025 மார்ச் 31உடன் அத்திட்டம் முடிவுற்றது. ஆயினும் அது பரப்பிய முறை நிலைத்துவிட்டது. தெருமுனைக் கேமராக்கள் எடுக்கும் படங்கள் ஒரு கட்டுப்பாட்டு மையத்தில் வந்து குவிகின்றன. விரைந்து செல்லும் வண்டியின் எண்ணைக் கருவி படிக்கிறது. கூட்டத்தில் செல்லும் ஒருவரது முகத்தைப் பட்டியலிலுள்ள முகங்களோடு ஒப்பிடுகிறது.

இவற்றால் நன்மை இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2020 ஜனவரி 8ஆம் நாள் இரவு, நம் மாவட்டத்துக் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அருகிலிருந்த கேமராவின் பதிவு துப்புக்கு உதவிற்று. ஒரு வாரத்திற்குள் இருவர் கர்நாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டனர். இரவுப் பணி முடித்துத் திரும்பும் நம் பெண்மக்களுக்கும் எரியும் தெருவிளக்கும் இயங்கும் கேமராவும் துணையே. நகரின் கடைவீதிக்குக் கிடைக்கும் அந்தத் துணை நம் குடியிருப்புகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நமது முதற் கோரிக்கை.

ஆனால் கருவி தானே குற்றவாளியைத் தெரிந்தெடுப்பதில்லை. யாரைத் தேட வேண்டும் என்று மனிதர் வகுத்துக் கொடுத்த பட்டியலைக் கொண்டே அது தேடுகிறது. 2017இல் தீபாவளிக் கூட்டத்தின்போது சென்னைத் தியாகராய நகரில் காவல்துறையினர் முகமறியும் கருவியைப் பயன்படுத்தினர். அத்தகைய பட்டியலில் யார் யார் முகங்கள் உள்ளன? விடுதலையானவரின் முகம் நீக்கப்படுகிறதா? இவை நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

ஏனெனில் பட்டியலின் கொடுமையை இந்நாடு முன்பே கண்டிருக்கிறது. 1871இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரையினர் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. ஒருவன் செய்த செயலைக் கொண்டன்று, பிறந்த குலத்தைக் கொண்டு அவனைக் குற்றவாளியாக்கியது அச்சட்டம். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்த மக்கள் சுட்டு வீழ்த்தப்பட்டனர். அவர்கள் நம் இனத்தவர் அல்லர். எனினும் பிறப்பால் சுமத்தப்படும் பழி எத்தகையது என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், பொதுச்சாலையில் நடப்பதே நமக்குக் குற்றமாக இருந்தது. 1893இல் அய்யன்காளி வில்வண்டியேறிப் பொதுச்சாலையிற் சென்றது அத்தடையை உடைக்கவே. அன்று மறுக்கப்பட்ட சாலை இன்று பொதுவாயிற்று. அதே சாலையில் நாம் ஐயத்திற்குரியவராய் நடக்கும் நிலை வரலாகாது.

கருவியும் பிழை செய்யும். 2018இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, முகத்தைக் கொண்டு ஆணா பெண்ணா எனப் பிரித்தறியும் கருவிகளைச் சோதித்தது. வெண்ணிற ஆடவரிடத்தில் பிழை நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. கருநிற மகளிரிடத்திலோ ஒரு கருவி நூற்றுக்கு 34க்கு மேல் பிழைபட்டது. 2020 ஜனவரியில் டெட்ராய்ட் நகரக் காவல்துறையினரால், முகமறியும் கருவியின் தவறான பொருத்தத்தால் கறுப்பினத்தவர் ஒருவர் கைதாகி, ஏறத்தாழ 30 மணி நேரம் அடைபட்டிருந்தார்.

தெருவைப் பார்க்கும் கண், காவல் நிலையத்திற்குள் மூடிக்கொண்டால் என்னாகும் என்பதைச் சாத்தான்குளம் காட்டிற்று. 2020 ஜூனில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் துன்புறுத்தப்பட்டு மாண்டனர். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், கேமராப் பதிவுகள் நாள்தோறும் தாமே அழியுமாறு அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். சேமிக்க இடமிருந்தும் அந்நாளின் பதிவு இல்லை.

அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாயில், காவலறை, நடைவழி என எல்லா இடங்களிலும் ஒலியோடு ஒளியும் பதியும் கேமராக்கள் வேண்டும். பதிவுகளை 18 மாதங்கள் காக்க வேண்டும், அதற்கு வசதியில்லையெனில் ஓராண்டேனும் காக்க வேண்டும் என்றது. தம் உரிமை மீறப்பட்டால் அப்பதிவைக் காத்துவைக்கக் கோரும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்பதை நிலையத்தில் எழுதி வைக்கவும் ஆணையிட்டது. மாநில மனித உரிமை ஆணையமும் மனித உரிமை நீதிமன்றமும் அப்பதிவை வரவழைக்கலாம்.

இளைஞர்களே, இவற்றிலிருந்து நாம் மேற்கொள்ள வேண்டிய கடமைகள் மூன்று. முதலாவது, நம்மவர் ஒருவர் நிலையத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டால், அந்த நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்து, பதிவைக் காக்குமாறு உடனே எழுத்தில் கோருங்கள், ஒப்புகையும் பெறுங்கள். காலந்தாழ்த்தினால் சாட்சி அழிந்துபோம். இரண்டாவது, 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைரேகை முதலியவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்க இடமளிக்கிறது. முன்பு தண்டனை பெறாதவர் இறுதியாக விடுதலை பெற்றால், நீதிமன்றமோ நடுவரோ வேறு கூறாதவரை, அவை அழிக்கப்பட வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுங்கள். மூன்றாவது, கணினியும் சட்டமும் பயின்று கட்டுப்பாட்டு மையத்தின் இருக்கைகளிலும் நீதிமன்றத்தின் மேடைகளிலும் நீங்கள் அமருங்கள். பட்டியல் வகுக்கும் இடத்தில் நம்மவரும் இருத்தல் வேண்டும்.

2024 அக்டோபர் 3ஆம் நாள், சிறைப் பதிவேடுகளிலுள்ள சாதிக் கட்டத்தை நீக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தாளில் இருந்த கட்டம் நீங்குவதற்கே விடுதலைக்குப் பின் 77 ஆண்டுகள் ஆயின. கணினிக்குள் அத்தகைய கட்டம் புகுந்தால் அதனைக் கண்டறியப் படித்தவர் கண்கள் வேண்டும். இக்கல்விக் கழகம் ஆக்க வேண்டிய கண்கள் அவையே.