பிள்ளை பிழைத்துவிட்டது, பயம் போய்விட்டதா?

(தேவகோட்டையில் நடந்த நம் கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் சுகாதாரக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது. அவருடைய மகள் கேட்டுக்கொண்டபடி இருவர் பெயரையும் போடவில்லை.)



என்னைப் பேசச் சொன்னதும், "ரத்தசோகை பத்திப் பேசட்டுமா, சர்க்கரை வியாதி பத்திப் பேசட்டுமா?" என்று தலைவியிடம் கேட்டேன். "அதெல்லாம் பேசியாச்சு. நீ உன் மக கதையைச் சொல்லு" என்றார். மகளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பேரைச் சொல்லாமப் பேசும்மா" என்றாள். அதனால் பேச வந்தேன். நான் டாக்டர் இல்லை. பத்தாவது வரை படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013-ல் அவளுக்கு ஆறு வயசு. விட்டு விட்டுக் காய்ச்சல். கால் வலி. உடம்பில் அங்கங்கே அடிபட்ட மாதிரி நீலமாகக் கன்றியிருந்தது. "வளர்ற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், நானும் நம்பினேன். அப்புறம் தேவகோட்டை, காரைக்குடி, மதுரை, கடைசியில் சென்னை. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். பிள்ளைகளுக்கு வருகிற புற்றுநோயில் அதிகமாக வருவது இதுதானாம். இரண்டரை வருஷம் வைத்தியம். ஊசி மருந்து, மாத்திரை, முதுகுத்தண்டில் ஊசி. முடியெல்லாம் கொட்டிப்போச்சு. காப்பீட்டுத் திட்டம் மருந்துச் செலவுக்குக் கைகொடுத்தது. ஆனால் ரயில் டிக்கெட்டுக்கும், தங்குகிற இடத்துக்கும், அவருக்குப் போன கூலிக்கும் யார் கொடுப்பார்கள்? நகை அடகுக்குப் போனது. நம் குழுவில் உள்கடன் வாங்கினேன். நீங்கள் தவணையைத் தள்ளி வைத்தீர்கள், அதை நான் மறக்கவில்லை.

2016-ல் மருந்து நின்றது. "இனி செக்கப்புக்கு வந்தாப் போதும்" என்றார்கள். குலதெய்வத்துக்கு மொட்டை போடுவதாக நேர்ந்திருந்தேன். "இப்பத்தானே முளைச்சிருக்கு, மறுபடி எடுக்காதீங்க" என்று பிள்ளை அழுத அழுகையில் பொங்கல் மட்டும் வைத்துவிட்டு வந்தோம். சாமி கோவித்துக்கொள்ளவில்லை.

அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிள்ளை பள்ளிக்கூடம் போனாள், சாப்பிட்டாள், சிரித்தாள். வேறென்ன வேண்டும்?

அக்காமார்களே, நம் அம்மா காலத்தில் இந்த நோய் வந்த பிள்ளை பிழைப்பது அபூர்வம். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954-ல் பன்னிரண்டு படுக்கையோடு ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. நம் புதுக்கோட்டையில் பிறந்தவர், தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1960-ல் அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு வந்தது. இன்றைக்குப் பணக்கார நாடுகளில் நூறு பிள்ளைக்கு எண்பதுக்கு மேல் குணமாகிறது. ஏழை நாடுகள் பலவற்றில் முப்பதுகூட இல்லை. 2030-க்குள் உலக அளவில் அறுபதாவது ஆக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஒரு திட்டம் போட்டது. பிழைத்த பிள்ளைகள் பெருகப் பெருக, இன்னொரு கேள்வி வந்து நிற்கிறது. பிழைத்தது சரி, உள்ளுக்குள் எப்படி இருக்கிறது? மும்பை டாட்டா ஆஸ்பத்திரியில் வைத்தியம் முடிந்த பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே 1991-ல் தனி கிளினிக் திறந்தார்கள். அங்கே உடம்பையும் பார்க்கிறார்கள், மனசையும் பார்க்கிறார்கள்.

உடம்பைப் பார்க்க ரத்தம் எடுக்கலாம், படம் எடுக்கலாம். மனசை எதை வைத்து அளப்பது? இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

2022-ல் செக்கப்புக்குப் போயிருந்தோம். அவளுக்கு அப்போது பதினைந்து வயசு. ஆலோசகர் அம்மா ஒருவர் இரண்டு தாள் கொடுத்தார். ஒன்று மகளுக்கு, ஒன்று எனக்கு. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான். போன ஒரு மாதத்தில் பிள்ளைக்கு ஓடியாட முடிந்ததா, பயம் இருந்ததா, தூக்கம் வந்ததா, கூட்டாளிகள் சேர்த்துக்கொண்டார்களா, பாடத்தில் கவனம் நின்றதா என்று மொத்தம் 23 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில். தொந்தரவு ஒருபோதும் இல்லை என்பதில் தொடங்கி, எப்போதும் இருக்கிறது என்பது வரை. இல்லவே இல்லை என்றால் நூறு மார்க். அப்படியே எழுபத்தைந்து, ஐம்பது, இருபத்தைந்து. எப்போதும் என்றால் சைபர். கூட்டி வகுத்தால் ஒரு எண் வரும். அமெரிக்காவில் வார்னி என்கிறவர் உருவாக்கியது. பல நாட்டில் பல மொழியில் கேட்கிறார்கள். எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைக்குச் சிரிக்கிற முகம், அழுகிற முகம் படம் காட்டிக் கேட்பார்களாம்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பேங்க் கடன் தருவதற்கு முன்னால் நம் குழுவுக்குத் தரமதிப்பீடு போடுவார்கள் இல்லையா? கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சந்தா வருகிறதா, தீர்மான நோட்டு எழுதுகிறார்களா என்று மார்க் போடுகிற மாதிரிதான் இதுவும்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தே எழுதப் போனேன். ஆலோசகர் என்னை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம். பெத்தவளுக்குத் தெரியாதது இவளுக்கு என்ன தெரியும்?

திரும்பி வந்தபோது இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். காட்டலாமா என்று மகளிடம் கேட்டுவிட்டுத்தான் காட்டினார், அதையும் சொல்லிவிடுகிறேன். மனசு சம்பந்தமான ஐந்து கேள்வியில் நான் போட்டதைக் கூட்டி வகுத்தால் 85. அவள் போட்டது 40. படிப்பு சம்பந்தமான ஐந்தில் நான் போட்டது 45. அவள் போட்டது 80.

பாருங்கள், நான் பயந்த இடத்தில் அவளுக்கு ஒன்றும் இல்லை. நான் பயப்படாத இடத்தில் பிள்ளை தவித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். "மறதி, மந்தம், மார்க் வரலை" என்று நான் டியூஷனுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். தூக்கம் வரவில்லை என்பதற்கு 'அடிக்கடி' என்று அவள் போட்டிருந்தாள். இனி எனக்கு என்ன ஆகுமோ என்கிற கவலைக்கு 'எப்போதும்' என்று போட்டிருந்தாள். ஒரே அறையில், ஒரே பாயில் படுக்கிறோம். எனக்குத் தெரியவில்லை.

நோய் திரும்பி வருமோ என்கிற பயம் என்றுதான் நினைத்தேன். ஆலோசகர் மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் பிள்ளை சொன்னது: "நான் பிழைச்சதுக்கு அம்மா இன்னும் தவணை கட்டுது. மறுபடி வந்துச்சுன்னா என்ன செய்யும்?"

நம் வீட்டில் குழுக் கூட்டம் நடந்தபோதெல்லாம் அவள் கதவுக்குப் பின்னால் இருந்திருக்கிறாள். யார் எவ்வளவு பாக்கி என்று வாசித்ததை எட்டு வயசில் கேட்டு மனசில் வைத்துக்கொண்டாள். நீங்கள் தப்பாக ஒன்றும் பேசவில்லை, கணக்கு வாசித்தால் வாசிக்கத்தானே செய்யணும். தப்பு என்னுடையது. அந்தக் கடன் 2018-லேயே முடிந்துபோனது! நகையையும் மீட்டாச்சு. அவளிடம் யாரும் சொல்லவில்லை. நாலு வருஷம் முன்னால் முடிந்த கடனை என் மகள் ராத்திரி ராத்திரி கட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்கு வந்ததும் பெட்டியிலிருந்து பாஸ்புத்தகத்தை எடுத்து, கடைசித் தவணை பதிந்த பக்கத்தைக் காட்டினேன். அவள் தேதியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

அந்த 23 கேள்வியில் கடன் என்ற வார்த்தையே கிடையாது. 40 என்கிற எண் காரணத்தைச் சொல்லவில்லை, இங்கே கேள் என்று இடத்தைக் காட்டியது, அவ்வளவுதான். குழுவுக்குத் தரமதிப்பீடு குறைந்தால் எந்த உறுப்பினர் ஏன் வரவில்லை என்பது அந்தத் தாளில் இருக்காது. வீட்டுக்குப் போய்த்தானே விசாரிக்கிறோம்?

இதில் வார்த்தைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. 'மனச்சோர்வு உண்டா' என்று கேட்டால் நம் ஊர்ப் பிள்ளை இல்லை என்றுதான் சொல்லும். "நெஞ்சு அடைக்குது", "ஒரு மாதிரியா இருக்கு", "சோறு எறங்கல" என்றுதான் நமக்குச் சொல்ல வரும். வெளிநாட்டுக் கேள்வியை அப்படியே தமிழாக்கினால் பாதி உண்மை நழுவிப்போகும். இது தெரிந்துதான் அடையாறு ஆஸ்பத்திரியில் இருக்கிற உளவியல் பிரிவுக்காரர்கள் நம் நாட்டு நோயாளிகளுக்கென்றே ஒரு வினாத்தாள் தயார் செய்து, சோதித்துப் பார்த்து, 2005-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். அது பெரியவர்களுக்கானது.

இன்னொரு விஷயம். இந்த நோய் வந்த பிள்ளை எல்லாம் மனசு உடைந்துபோய்த்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் மெம்பிஸ் என்கிற ஊரில் செயின்ட் ஜூட் என்று ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. அங்கே நோய் வந்த 255 பிள்ளைகளையும், நோய் வராத 101 பிள்ளைகளையும் விசாரித்து 2014-ல் எழுதினார்கள். நோயைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்காமல், "உன் வாழ்க்கையில் ரொம்பக் கஷ்டமான சம்பவம் எது?" என்று பொதுவாகக் கேட்டிருக்கிறார்கள். நோய் வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் நோயைச் சொன்னார்கள். அஞ்சு வருஷம் தாண்டியவர்களில் நாலில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. அதிர்ச்சியால் வருகிற மனநோய் மற்ற பிள்ளைகளை விட இவர்களுக்கு அதிகமாக இல்லை என்று கண்டார்கள். கேட்கிற விதத்திலேயே பதில் மாறும் என்பது எனக்கு இதில்தான் விளங்கியது. "உனக்கு கேன்சர் வந்துச்சே, அதனால பயமா இருக்கா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ஆமாம் என்றுதான் தலையாட்டும்.

ஆனால் எல்லாரும் ஒன்று இல்லை. மூளையில் கட்டி வந்த பிள்ளை, தலைக்குக் கதிர் வைத்த பிள்ளை, இவர்களுக்குப் படிப்பிலும் பழக்கத்திலும் பிற்பாடு சிரமம் வருவது அதிகம். அவர்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மந்தம் என்று திட்டக்கூடாது.

அப்புறம் நம்மைப் பற்றி. ஆன் காசாக் என்ற உளவியல் அம்மாவும் அவர் கூட்டாளிகளும் 1997-ல் எழுதியதை ஆலோசகர் சொன்னார். ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளைகளுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் பயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அம்மா, அப்பாவுக்குத்தான் அதிகம். எனக்கு ஆச்சரியமாக இல்லை. இன்றைக்கும் அவளுக்கு லேசாகக் காய்ச்சல் என்றால் என் கை நடுங்கும். செக்கப்புக்கு முதல் நாள் சோறு இறங்காது. அந்த நடுக்கத்தைப் பார்த்து அவள் தன் பயத்தை மறைத்தாள். அவள் மறைத்ததைப் பார்த்து அவளுக்குப் பயமே இல்லை என்று நான் 85 போட்டேன்.

ஊர்ப் பேச்சையும் சொல்லணும். ஒரு விசேஷ வீட்டில் என் மகளுக்கு மட்டும் டம்ளரைத் தனியாக வைத்தார்கள். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை. சேர்ந்து சாப்பிட்டால், தொட்டால், ஒரே பாயில் படுத்தால் வராது. "பாவம், யாரு கட்டிக்குவா?" என்று ஒன்பது வயசுப் பிள்ளை காதுபட ஒரு பெரியம்மா சொன்னார். பாசத்தில்தான் சொன்னார். பிள்ளை அன்றைக்கு ராத்திரி, "கட்டிக்கிறதுன்னா என்னம்மா?" என்று கேட்டாள்.

நம் குழுக்களில் இப்படி வைத்தியம் முடிந்த பிள்ளை உள்ள வீடு எனக்குத் தெரிந்தே மூன்று இருக்கிறது. அந்தத் தாளை நாமே எடுத்துக்கொண்டு போய் மார்க் போட வேண்டாம். பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. செக்கப்புக்குப் போகும்போது, "மனசு பார்க்கிறவங்க இருக்காங்களா?" என்று கேளுங்கள். பிள்ளை தனியாகப் பேசட்டும், நீங்கள் வராந்தாவுக்குப் போய்விடுங்கள். தூக்கம் கெட்டாலோ, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றாலோ, நல்லா விளையாடிய பிள்ளை மூலையில் உட்கார்ந்தாலோ வருஷ செக்கப் வரை காத்திருக்காதீர்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். உங்களுக்கே மனசு சரியில்லை என்றாலும் பண்ணலாம். நான் ஒரு தடவை பண்ணியிருக்கிறேன்.

கூட்டமைப்புக்கு ஒரே ஒரு கோரிக்கை. வைத்தியத்துக்காக வாங்கிய கடனை அந்த வீட்டில் வைத்து வாசிக்க வேண்டாம். வேறு வீட்டில் கூட்டம் நடக்கும்போது வாசிக்கலாம். கடன் முடிந்ததும், "முடிஞ்சுபோச்சு" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லச் சொல்லி உறுப்பினருக்கு நினைவுபடுத்த வேண்டும். இதை இன்றைய தீர்மான நோட்டில் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

மகள் இப்போது கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். போன செக்கப்பில் தாளை அவளே வாங்கிக்கொண்டாள், என்னை வராந்தாவுக்குப் போகச் சொன்னதும் அவள்தான். என்ன எண் வந்தது என்று நான் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது.