ஐதராபாத் 1948: படை யாருக்காக வந்தது?

1948 செப்டம்பர் 13 அன்று இந்தியப் படை ஐதராபாத் சமஸ்தானத்துள் நுழைந்தது. ஐந்தே நாட்களில் நிஜாம் பணிந்தார். நிஜாம் அரசு ஐ.நா. பாதுகாப்பு சபையில் முறையிட்டது. தில்லியோ அதனைப் ‘போலீஸ் நடவடிக்கை’ என்றது. வெளியார் பெயருக்காக வழக்காடினர். மண்ணின் மக்களோ, படை யாருக்காக வந்தது என்று கேட்டனர்.

ரஜாக்கர் கொடுமையில் துவண்ட ஊர்கள் அதனை வரவேற்றன. ஆனால் தொடர்ந்த வன்முறையில் 27,000 முதல் 40,000 பேர் வரை, பெரும்பாலும் முஸ்லிம்கள், மாண்டதாக நேரு அனுப்பிய சுந்தர்லால் குழுவே மதிப்பிட்டது. அவ்வறிக்கை பல்லாண்டுகள் வெளியிடப்படவில்லை.

தெலங்கானாவில் சுமார் 3,000 கிராமங்களில் 10 லட்சம் ஏக்கரை உழவர் எழுச்சி பகிர்ந்தளித்திருந்தது. படைக்குப் பின்னே தேஷ்முக்குகள் திரும்பினர். ஆயுதப் போரைத் தொடர்வதா என்பதில் கட்சிக்குள்ளும் கருத்து வேறுபட்டது: ரவி நாராயண ரெட்டி நிறுத்தச் சொன்னார், சுந்தரய்யா தொடர்ந்து நின்றார். 1951 அக்டோபரில்தான் போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்குள் நிஜாம் ராஜப்பிரமுகராகிவிட்டார். உழவரோ சிறையில் இருந்தனர்.

இன்று செப்டம்பர் 17ஐ ஒன்றிய அரசு ‘விடுதலை நாள்’ எனக் கொண்டாடுகிறது. யாருக்கு விடுதலை? எந்தப் படை நுழைவையும் அதன் கொடியால் அளவிடலாகாது. மறுநாள் நிலம் யார் கையில், யார் உயிருக்குக் காவல் என்பதாலேயே அளவிட வேண்டும்.