விளைப்பவன் ஒருவன், விலை சொல்பவன் வேறொருவன்!

தோழர்களே! மண்வளம் ஒன்றே நாட்டை வாழ வைத்துவிடும் என்று எண்ணுவோர், மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டை நோக்குதல் வேண்டும்.

1957-ல் அங்கே விடுதலைக் கொடி ஏறிற்று. கோக்கோ விளைச்சலில் அன்று உலகிலேயே முதலிடம் அந்நாட்டுக்கு. அவ்வருவாயை நம்பியே நிக்ருமா பள்ளிகளும் ஆலைகளும் எழுப்பினார். வோல்டா ஆற்றின் குறுக்கே அணை கட்டினார். நடந்தது என்ன? 1965-ல் உலகச் சந்தையில் கோக்கோ விலை சரிந்தது, கருவூலம் வறண்டது. மறு ஆண்டே பட்டாளத்தார் ஆட்சியைக் கவிழ்த்தனர். கவிழ்ந்ததற்குக் காரணங்கள் பல. வறண்ட கருவூலமும் அவற்றுள் ஒன்று.

விளைந்தது கானாவில், விலை கூறியதோ லண்டனும் நியூயார்க்கும்! கொட்டையாகக் கப்பலேறியது, சாக்லேட்டாகிப் பன்மடங்கு விலை பெற்றது. அந்த ஆதாயம் யாருக்கு? அயல்நாட்டு ஆலை முதலாளிகளுக்கு!

உலகக் கோக்கோவில் பாதிக்கு மேல் விளைவிப்பவை கானாவும் ஐவரி கோஸ்ட்டும். 2019-ல் இரண்டும் கைகோத்து, டன்னுக்கு 400 டாலர் கூடுதல் விலை விதித்தன. வணிகர்களோ, தரத்திற்கெனத் தந்துவந்த மிகைவிலையைக் குறைத்து, வலக்கையால் கொடுத்ததை இடக்கையால் பறித்தனர்.

ஒற்றுமை தேவை, அது மட்டும் போதாது. கொட்டையை அரைக்கும் ஆலைகளும் தன் மண்ணில் பெருகும் வரை, விளைத்த நாடு விலைக்குக் கையேந்தியே நிற்கும்!