வைக்கோலில் குளிர்காயும் தீவு

டென்மார்க்கின் நடுவே கடல் சூழ்ந்து கிடக்கும் சிறு தீவு சாம்சோ. பரப்பு 114 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை நாலாயிரத்தைத் தொடாது. உருளைக்கிழங்குக்கும் ஸ்ட்ராபெரிக்கும் பேர்போன உழவர் பூமி அது. எந்தத் தீவு தன் எரிசக்தி முழுவதையும் காற்று, வெயில், வைக்கோல் போன்ற வற்றாத வழிகளிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்று 1997ஆம் ஆண்டு டென்மார்க் அரசு ஒரு போட்டி வைத்தது. வென்றது சாம்சோ. நிலத்தில் 11 காற்றாலைகள், கடலில் 10 காற்றாலைகள் எழுந்தன. உலகம் அவற்றைப் படம் பிடித்தது, பாராட்டியது. ஆனால் அந்தத் தீவு மக்கள் செய்த அருஞ்செயல் வானத்தில் சுழலவில்லை, மண்ணுக்கு அடியில் ஓடுகிறது. வீடு வீடாகப் போய்ச் சேரும் வெந்நீர்க் குழாய்தான் அது.

அந்த நாட்டில் வீட்டைச் சூடாக வைப்பது சொகுசல்ல. இலையுதிர் காலம் தொடங்கி ஏப்ரல், மே வரைக்கும் அடுப்பு எரிந்தாக வேண்டும். குழந்தையும் கிழவியும் உள்ள வீட்டில் ஒரு நாள் அணைந்தாலும் பொறுக்காது. முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு எண்ணெய்த் தொட்டி இருந்தது, அதன் பக்கத்தில் ஒரு பாய்லர் இருந்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது டென்மார்க் தன் எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்கை வெளிநாட்டு எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தது. நெடுஞ்சாலையில் மக்கள் சைக்கிளில் போனார்கள். அந்த அடி மறக்கவில்லை. 1979இல் வெப்ப விநியோகச் சட்டம் வந்தது. ஊருக்குப் பொதுவாக வெந்நீர் தரும் நிறுவனம் அதில் லாபம் எடுக்கக் கூடாது, ஆன செலவைத்தான் விலையாக வாங்கலாம் என்பது அந்த நாட்டு விதி. இன்று டென்மார்க்கின் வீடுகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட பொதுக்குழாயிலிருந்தே வெப்பம் வருகிறது. குளிரில் நடுங்குகிறவனிடம் கொள்ளை அடிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிற நாடு!

ஆனால் சட்டம் குழாய் புதைக்காது, அரசு மானியமும் புதைக்காது. புதைப்பது பக்கத்து வீட்டுக்காரனின் கையெழுத்து.

கணக்கைப் பார்த்தால் புரியும். ஒரு தெருவில் இருபது வீடுகள். குழாய் தெரு முழுதும் ஓடியாக வேண்டும். இருபது பேரும் சேர்ந்தால் பள்ளம் வெட்டும் செலவு இருபதாகப் பிரியும். ஐந்து பேர் மட்டும் சேர்ந்தால் அதே பள்ளத்தை அந்த ஐந்து பேர் சுமக்க வேண்டும், அவர்களால் முடியாது. தேர் ஒன்றுதான், வடத்தில் எத்தனை கை விழுகிறது என்பதுதான் கேள்வி. ஆகவே போதிய வீடுகள் பெயர் கொடுக்கும்வரை ஒரு மண்வெட்டியும் விழுவதில்லை. இதில் திட்டத்தைக் கொல்வது எதிர்ப்பு அல்ல. எதிர்க்கிறவன் வாய்விட்டுச் சொல்கிறான், அவனுக்குப் பதில் சொல்லலாம். கொல்வது 'பார்க்கலாம்' என்கிற ஒற்றைச் சொல். மற்றவர் சேரட்டும், ஓடுகிறதா பார்க்கலாம், விலை இறங்குகிறதா பார்க்கலாம். இருபது பேரும் பார்த்துக்கொண்டே இருந்தால் இருபது எண்ணெய்த் தொட்டியும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சாம்சோவில் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டிய ஒரு மனிதர் உண்டு. அதே மண்ணில் உழவர் வீட்டில் பிறந்தவர், சுற்றுச்சூழல் பாடம் நடத்திய ஆசிரியர். தீவில் எந்தச் சங்கம் கூடினாலும், எந்தக் கூட்டம் நடந்தாலும் அங்கே போய் நின்றார். பருவநிலை, பனிமலை உருகல் என்று பெரிய பேச்சை முதலில் எடுக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து ஒன்றைச் செய்து, அதை நினைத்துப் பெருமைப்பட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டார். சில கூட்டங்களில் பீரும் கிடைத்தது. யார் பேச்சுக்கு ஊர் காது கொடுக்கும் என்று அறிந்து, அந்த ஆட்களை முதலில் பிடித்தார். ஒருவர் வந்தால் இன்னொருவர் வந்தார். 2008இல் டைம் இதழ் உலகின் சுற்றுச்சூழல் நாயகர் வரிசையில் அவரை வைத்தது. வைக்காவிட்டாலும் அவர் நாயகர்தான். கலையாத கூட்டத்தில் பேசுவது எளிது. கலைந்துபோன கூட்டத்துக்குப் பிறகு நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு, அடுத்த வாரமும் அதே பேச்சோடு வருகிறவர்தான் ஒரு ஊரைத் திருப்புகிறார்.

அவரும் அவரோடு நின்றவர்களும் வைத்த வழி எளியது: முதலில் வருகிறவருக்கு வாசல் அகலம். தீவின் நோர்ட்பி–மோருப் ஊர்களில் வெப்ப நிலையத்தின் கட்டுமானம் தொடங்கும் முன்பே பெயர் கொடுத்தவர்களுக்குப் பதிவுக் கட்டணம் 100 குரோனரைக்கூட எட்டவில்லை. பிறகு வருகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை, இணைப்புச் செலவு அவர் தலையில். இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. குறை சொல்ல என்ன இருக்கிறது? முதலில் கையெழுத்திட்டவர் ஒரு ஆலையைக் கண்ணால் பார்க்காமலே நம்பிக் கையெழுத்திட்டார். அந்த நம்பிக்கைக்கு ஊர் கொடுத்த விலை அது. பள்ளம் வெட்டும்போது காணாமல் போய், படம் எடுக்கும்போது முன்வரிசையில் இடம் தேடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் குழாய் வந்தது. சற்றுத் தாமதமாக, சற்றுக் கூடுதல் விலையில் வந்தது.

அந்த நோர்ட்பி–மோருப் நிலையத்தில் 2,500 சதுர மீட்டர் சூரியத் தகடுகள் வெயிலில் தண்ணீரைச் சூடாக்குகின்றன. மிச்சத்தை 900 கிலோவாட் மரச்சில்லு பாய்லர் பார்த்துக்கொள்கிறது. தகடுகளுக்கு நடுவே ஆடுகள் புல் மேய்கின்றன. தீவின் இன்னொரு ஊரான ஓன்ஸ்பியரில் உள்ளூர்த் தொழிலகம் ஒன்று நிலையத்தை நடத்தி வந்தது. மனத்தில் நிற்க வேண்டியது பாலன், புருண்ட்பி என்ற இரண்டு ஊர்கள். அங்கே வெப்பம் வாங்குகிறவர்களே நிலையத்துக்குச் சொந்தக்காரர்கள். தாங்களே குழு அமைத்து, உள்ளாட்சி உத்தரவாதம் தந்த கடனில் கட்டி, 2000களின் நடுவில் ஓட வைத்தார்கள். எரிபொருள் வைக்கோல்.

வைக்கோல் கட்டு ஒன்று அரை டன் கனம், நீளம் ஆள் உயரத்தைவிடப் பெரியது. கூரைக்குக் கீழே ஓடும் பாரந்தூக்கி அதைக் கவ்வித் தூக்கிப் பாதையில் வைக்கிறது. கத்திகள் கட்டைப் பிரித்துக் குதறுகின்றன. சுழலும் திருகு அதை உலைக்குள் தள்ளுகிறது. உள்ளே கூளம் செந்தழலாகிறது. ஏறத்தாழ இரண்டரைக் கிலோ வைக்கோலின் வெப்பம் ஒரு லிட்டர் எண்ணெயின் வெப்பத்துக்கு ஈடு. ஒரு கட்டு எரிந்தால் இருநூறு லிட்டர் எண்ணெய் கப்பலேறி வரவேண்டாம். புகை வடிகட்டியைத் தாண்டித்தான் வெளியே போகிறது. அடிச்சாம்பல் உரமாகி வயலுக்கே திரும்புகிறது. எண்ணெய்க்காகக் கடல் தாண்டிப் போன பணம், வைக்கோலுக்காகத் தீவின் உழவர் கைக்குப் போகிறது. அறுவடை முடிந்த பிறகு விலைபோகாத ஒன்றுக்கு விலை வந்தது.

உலையில் சூடான தண்ணீர் 80 டிகிரிக்குக் கிட்ட வெப்பத்தோடு கிளம்புகிறது. எஃகுக் குழாய், அதைச் சுற்றி நுரைக் கவசம், மேலே பிளாஸ்டிக் உறை. வீட்டுக்குள் ஒரு சிறிய பெட்டி: வெப்பமாற்றி, மீட்டர், இரண்டு வால்வு. பழைய தொட்டியும் பாய்லரும் புகைபோக்கியும் நின்ற மூலையில் இப்போது துணி காயப்போடலாம். அறைகளுக்குப் போய் வந்த தண்ணீர் ஆறிப்போய்த் திரும்புகிறது. நன்றாக ஆறித் திரும்பினால்தான் வீடு வெப்பத்தை முழுதாக வாங்கிக்கொண்டது என்று பொருள். சூடாகவே திரும்பினால் அந்த வீட்டு ரேடியேட்டரில் கோளாறு, அதன் நட்டம் ஊருக்கு.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. கிராமத்தில் வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் வழியிலேயே ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வெப்பம் மண்ணில் கரைகிறது. மின்சார ஹீட்டர் வைத்திருந்த வீடுகளில் ரேடியேட்டரும் உட்குழாயும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. அந்தச் செலவு பலரை யோசிக்க வைத்தது, அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல முடியாது. வயல் நடுவே தனியாக நிற்கும் வீட்டுக்குப் பொதுக்குழாய் எட்டாது. அங்கே சூரியத் தகடு, மரத்துண்டு பாய்லர், வெப்ப பம்பு என்று அவரவர் வழி. இத்தனைக்கும் பிறகு தீவின் வெப்பத் தேவையில் சுமார் 70 விழுக்காடு எண்ணெய் இல்லாமல் நிறைவேறியது. பத்தாண்டுக்குள், சில ஆயிரம் பேர் மட்டுமே உள்ள தீவில், வானத்திலிருந்து யாரும் இறங்கி வந்து செய்துகொடுக்காமல்!

அந்த ஆசிரியர் பேசிய கூட்டங்களைவிட முக்கியமான ஒரு கூட்டம் ஆண்டுதோறும் நடக்கிறது. பயனாளர்களே உரிமையாளர்களாக உள்ள வெப்ப நிறுவனங்களில் பொதுக்குழு கூடும். கணக்கு வாசிக்கப்படும். விலை ஏன் ஏறியது, கடன் எவ்வளவு மிச்சம், அடுத்து வைக்கோலா வெப்ப பம்பா என்று கேள்வி எழும். நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பது அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள். வீட்டிலேயே இருந்துவிட்டவரின் விலையையும் அவர்களே முடிவு செய்கிறார்கள்.

1980களில் போரிலிருந்து தப்பி டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதி நகரங்களில் குடியேறிய ஈழத்தமிழர் பலரின் வீடுகளிலும் இப்படிப்பட்ட பொதுக்குழாயின் வெந்நீர்தான் குளிரை விரட்டுகிறது. அவர்கள் ஊர் வெப்ப நிறுவனமும் பயனாளர்களுக்கே சொந்தமாக இருந்தால், அதன் பொதுக்குழுவுக்கான அழைப்பு அவர்கள் வீட்டுக்கும் வரும். மொழி தடுமாறினால் அங்கேயே படித்து வளர்ந்த மகளையோ மகனையோ கூட்டிக்கொண்டு போகலாம். அழைப்பு வந்த ஒவ்வொரு தமிழ் வீட்டிலிருந்தும் ஒருவராவது போய் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.